இஸ்திரி வண்டி நிற்கும் வீதி: புதுச்சேரி புல்வாருக்குள் எங்கே குடியேறுவது?

2023 கோடையில் பத்துப் பதினோரு சனிக்கிழமைகள் வேளச்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வந்து வீடு பார்த்தோம். கணவருக்குக் கோரிமேட்டில் வேலை கிடைத்திருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டும். மாமியாருக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, வாய் மட்டும் தேயவில்லை. நால்வருக்கும் நான்கு ஆசை. கணவருக்குக் கடல் பக்கத்தில் இருக்க வேண்டும். மகளுக்கு மஞ்சள் சுவரும் அதன்மேல் காகிதப்பூக் கொடியும். மாமியாருக்குத் திண்ணை. எனக்கு மழைத்தண்ணீர் உள்ளே வராத வீடு போதும். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பழைய நகரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். அதற்குள் எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை. இரண்டு வருடம் குடியிருந்த பிறகு, சென்னையிலிருந்து இதே கேள்வியோடு வருகிறவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொல். அண்ணா சாலை, சர்தார் படேல் சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை என்று நான்கும் சேர்ந்து முட்டை வடிவில் வளைத்திருக்கும் பழைய ஊருக்கு உள்ளூரில் ‘புல்வார்’ என்று பெயர். பிரெஞ்சுச் சொல்; ஆனால் இங்கே காய்கறி விற்கும் அம்மாவும் ‘புல்வாருக்குள்ளே’, ‘புல்வாருக்கு வெளியே’ என்றுதான் முகவரி சொல்கிறார். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க அரைமணி நேரம்கூட ஆகாது. வீதிகள் கட்டம் போட்டதுபோல நேராகக் கிடக்கும். இந்தக் கட்டம் பிரெஞ்சுக்காரர்கள் போட்டதல்ல. 1693-இல் ஊரைப் பிடித்து ஆறு வருடம் மட்டும் வைத்திருந்த டச்சுக்காரர்களின் திட்டம். 1761-இல் ஆங்கிலேயர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி 1765-க்குப் பிறகுதான் அதே கோடுகளின்மேல் மறுபடி கட்டினார்கள். ஆகவே தரகர் ‘முந்நூறு வருட வீடு’ என்றால் தலையாட்டிவிட்டு, கழிவறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் புல்வாரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே, கடலை ஒட்டியது பிரெஞ்சுப் பகுதி. இப்போது ஒயிட் டவுன் என்கிறார்கள். மேற்கே தமிழர் பகுதி. அதற்குள்ளும் ஈஸ்வரன் கோயில், பெருமாள் கோயிலைச் சுற்றி இந்துக்கள், சம்பா கோயில் என்ற தேவாலயத்தைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள், தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம்கள் என்று பழைய அடுக்கு இன்னும் தெரிகிறது. சுவர் வைத்துப் பிரித்த அடுக்கு அல்ல. இப்போது எல்லா இடத்திலும் எல்லோரும் இருக்கிறார்கள். எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு: ஒயிட் டவுன், தமிழர் பகுதியின் நடு, காஜியார் வீதிப் பக்கம், கடைசியாகப் புல்வாருக்கு வெளியே ரெயின்போ நகரில் புது அடுக்குமாடி.

மதில் வைத்த வீடும் திண்ணை வைத்த வீடும்

வாய்க்காலின் இரு கரைக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டு முகப்பிலேயே பார்த்துவிடலாம். கிழக்கே வீடு வீதிக்கு முதுகு காட்டுகிறது. உயரமான மதில், பெரிய கேட், உள்ளே போனால் தோட்டம், அதற்கப்புறம் வீடு. மேற்கே வீடு வீதிக்குள் மடியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீதியோரத்தில் மரத்தூண்கள், அவற்றின்மேல் சாய்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை. இதைத்தான் இங்கே தாழ்வாரம் என்கிறார்கள். நம் ஊர்களில் முற்றத்தைச் சுற்றி இருப்பதல்லவா தாழ்வாரம். புதுச்சேரியில் அது வாசலுக்கு வந்துவிட்டது. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கலாம். அதற்கு உள்ளே திண்ணை, அப்புறம் கதவு, நடை, முற்றம். கொஞ்சம் வசதியானவர்கள் கீழே தமிழ் வீடும் மேலே பிரெஞ்சு ஜன்னல்களும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். மிஷன் வீதிக்கு அருகே வைசியாள் வீதியில் இந்த இரண்டு வகையும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்க்கலாம். அந்த வீதி முகப்புகளை மீட்டெடுத்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

பார்க்க எது அழகு என்பது அவரவர் கண். குடியிருக்க எது எப்படி என்பதற்கு முகப்பு நல்ல குறிப்பு. மதில் வைத்த வீட்டில் தனிமை கிடைக்கும். திண்ணை வைத்த வீட்டில் அது கிடைக்காது, கேட்டாலும் தரமாட்டார்கள்.

ஒயிட் டவுன்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எல்லோரும் இங்கிருந்துதான் தேடத் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். மரநிழல் உண்டு, வீதி சுத்தமாக இருக்கும். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள்; காலை வரை அது நடப்பவர்களுக்கே. முதியவர் உள்ள குடும்பத்துக்கு இன்னொரு வசதி, அரசுப் பொது மருத்துவமனை பாரதி பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1827-இல் தொடங்கிய பொது நூலகம், இன்று ரோமன் ரோலண்ட் பெயரில், நடக்கும் தொலைவில். பிரெஞ்சு நிறுவனத்தில் ஆய்வு செய்பவர்கள், பிரெஞ்சுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள், அரவிந்தர் ஆசிரமத்தோடு தொடர்புள்ளவர்கள் போன்றவர்களுக்கு இங்கே இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. அவர்களுடைய நாள் முழுவதும் இந்தப் பத்து வீதிக்குள்ளேயே முடிந்துவிடும். சாம்பலும் வெள்ளையும் பூசிய கட்டடங்கள் பெரும்பாலும் ஆசிரமத்தைச் சேர்ந்தவை. மஞ்சளும் வெள்ளையுமாக இருப்பவற்றில் பல அரசு அலுவலகமாகவோ தூதரகமாகவோ விடுதியாகவோ ஆகிவிட்டன. குடியிருக்க வாடகைக்கு வருவது மிச்சம் மீதிதான். அந்த மிச்சத்துக்குத்தான் போட்டி.

நாங்கள் பார்த்த வீடு ஒரு மாடிப் பகுதி. உயரமான கூரை, இரண்டாள் உயரத்துக்கு ஜன்னல், மரப்பலகைச் சட்டங்கள் வழியாகக் கோடு கோடாக விழும் வெயில். மகள் அங்கேயே குடிவந்துவிட்டாள், மனத்தளவில். சனிக்கிழமை பகல் பதினொரு மணி. கீழே வீட்டு மதில்மேல் ஒரு மணப்பெண் சாய்ந்து நிற்கிறாள், மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்கிறார், ஒருவர் வெள்ளைக் குடையைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் பிடிக்கிறார். அவர்கள் நகர்ந்ததும் அடுத்த ஜோடி வந்து நின்றது. மாமியார் ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து, “இந்த வீட்டு வாசலில் தினமும் கல்யாணமா?” என்று தரகரைக் கேட்டார். தரகர் பெருமையாக, “ஆமாம் அம்மா, அவ்வளவு அழகான சுவர்” என்றார்.

அடுத்த முறை வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமை இரவு போய்ப் பார்த்தோம். எங்கள் தேடலில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான். வீதியில் அழகான விளக்குகள் எரிந்தன. வீடுகளில் எரியவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கதவுகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். விடுதி, விடுதி, பூட்டிய அலுவலகம், காபிக் கடை, பூட்டு, துணிக்கடை, பூட்டு. குக்கர் விசில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மாமியாருக்கு இரவு பத்து மணிக்கு மூச்சு வாங்கினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? விடுதிக் காவலாளிதான் அந்த வீதியில் என் அண்டை வீட்டுக்காரர்.

வார இறுதி கதை வேறு. மதுவுக்காகவும் கடலுக்காகவும் பக்கத்து மாநிலங்களிலிருந்து வரும் கார்கள் வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை அந்த வீதிகளை அடைத்துக்கொள்கின்றன. உங்கள் வாசலில் உங்கள் ஸ்கூட்டரை நிறுத்த இடம் இருக்காது. கடலை ஒட்டியிருப்பதால் உப்புக்காற்று வேறு. நாங்கள் பார்த்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதி தொட்டால் உதிர்ந்தது. இவ்வளவுக்கும் கேட்ட வாடகையில் வாய்க்காலுக்கு மேற்கே முற்றத்தோடு முழு வீடே கிடைக்கிறது.

சரி, இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று கணவர் கடலை நினைத்து மனம் இளகியபோது, படிக்கட்டு அவரைக் காப்பாற்றியது. செங்குத்தான மரப்படி, பதினெட்டு. மாமியார் ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது, “இனிமேல் என்னை இறக்குவதென்றால் நான்கு பேர்தான் வர வேண்டும்” என்றார். அத்தோடு அந்த வீடு முடிந்தது.

தனியாகவோ இருவராகவோ இருப்பவர்கள், சத்தமும் கூட்டமும் உற்சாகம் தரும் வயதில் இருப்பவர்கள், ஓரிரு வருடம் மட்டும் தங்கப்போகிறவர்கள் தாராளமாக ஒயிட் டவுனுக்குப் போகலாம். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-க்கு முந்தைய இரவு தெருவில் விளக்கேந்தி வரும் ஊர்வலத்தை வாசலிலிருந்தே பார்க்கலாம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

வாய்க்காலுக்கு மேற்கே

தமிழர் பகுதியில் வீடு தேடுவது வேறு வித்தை. பலகை தொங்காது, தரகர்களிடமும் நல்ல வீடு வராது. மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு வீதியில், அடைந்துகிடந்த ஒரு பெரிய வீட்டின் தாழ்வாரத்தின் கீழே இஸ்திரி வண்டி ஒன்று நின்றது. மாமியார் கால்வலி தாங்காமல் அங்கே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரிக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். அவருடைய வண்டியின் மேல் தட்டில் துணி மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு குறி. ஒன்றில் ‘வக்கீல்’, ஒன்றில் ‘பச்சைக் கதவு’, ஒன்றில் வெறும் மூன்று புள்ளி.

வீடு தேடுகிறோம் என்றதும் சொன்னார்: “தரகரிடம் கேட்காதீர்கள் அம்மா. எந்த வீட்டுத் துணி வருவது நின்றுவிட்டதோ அந்த வீடு காலி. இரண்டு மாதமாக மூன்று வீட்டுத் துணி வரவில்லை.” மூன்றையும் கையை நீட்டிக் காட்டினார். அதில் ஒன்றில்தான் இப்போது இருக்கிறோம். எங்கள் மூட்டையில் ‘மெட்ராஸ்’ என்று எழுதியிருக்கிறார்.

அன்று தொடங்கி நான் எந்த வீதியைப் பார்த்தாலும் இஸ்திரி வண்டி நிற்கிறதா என்றுதான் பார்க்கிறேன். அது நிற்கும் வீதியில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், வாரம் பத்துச் சட்டை போடும் குடும்பங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். விடுதிகளுக்குச் சலவை லாரி வருகிறது. அவர்களுக்கு இஸ்திரி வண்டி வேண்டாம்.

இந்தப் பக்கத்தின் பெரிய வசதி, எல்லாம் காலடியில் இருப்பது. நேரு வீதி, பெரிய மார்க்கெட், மருந்துக் கடை, தையல்காரர் என ஒன்றுக்கும் வண்டி எடுக்க வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குப் பெரிய மார்க்கெட்டின் மீன் பக்கம் போனால் வஞ்சிரத்தின் விலையும் வாழ்க்கையின் விலையும் ஒருங்கே தெரிந்துவிடும். பாரதியார் 1908 முதல் பத்து வருடம் இந்த ஊரில் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் இருந்த வீடு இப்போது நினைவகம். பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். மகள் இரண்டையும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தாள், அதுவும் நாங்கள் குடிவந்து எட்டு மாதம் கழித்து. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க யாருக்கு அவசரம்?

வீதியின் நினைவும் நீளமானது. நாங்கள் வந்த புதிதில் ஊர் முழுக்க ஒரே பேச்சு, மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி. 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது வீதியிலேயே சரிந்து இறந்துபோனது. எதிர்வீட்டு அக்கா அதைச் சொல்லும்போது சொந்தக்காரர் சாவைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். இன்னும் பின்னால் போனால், பிரெஞ்சுக் கவர்னருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய வேதபுரீஸ்வரர் கோயில் 1748-இல் இடிக்கப்பட்டதை அவர் அந்த நாட்களிலேயே எழுதிவைத்திருக்கிறார். இன்று அந்த ஈஸ்வரன் கோயில் காந்தி வீதியில் இருக்கிறது; சம்பா கோயிலும் மிஷன் வீதியில் நிற்கிறது. ‘சம்பா’ என்றால் செயின்ட் பால் என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று. நெல் ரகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. காந்தி வீதியிலோ அதை ஒட்டியோ வீடு எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது அல்ல. சண்டே மார்க்கெட் வீதி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வாசல்படியில் செருப்புக் குவியலும் அதைப் பேரம் பேசும் கூட்டமும் இருக்கும். நேரு வீதியை ஒட்டிய வீடுகளில் தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. கோயில் ஒலிபெருக்கி மார்கழியில் நாலரை மணிக்கே எழுப்பிவிடும். கார் வைத்திருந்தால் நிறுத்த இடமில்லை. எங்கள் கார் ரயில் நிலையத்துக்குப் பக்கம் ஒரு கொட்டகையில் மாத வாடகைக்கு நிற்கிறது. எங்களைவிட அதற்கு இடம் தாராளம்.

எல்லாவற்றுக்கும் மேல், உங்களைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். குடிவந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா, “நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் சாம்பார் தீய்ந்துவிட்டதா?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கியது. மாமியாருக்கோ, பத்து வருடமாக வேளச்சேரியில் கிடைக்காத ஒன்று கிடைத்த சந்தோஷம். இன்று அவர் காலை ஆறு முதல் எட்டு வரை திண்ணையில்தான் இருக்கிறார். பால்காரர், பூக்காரர், பள்ளி ஆட்டோ எல்லோரும் அவரிடம் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். இது உங்களுக்கு வரமா சாபமா என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பழுது பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது.

மற்ற இரண்டு

காஜியார் வீதிப் பக்கம் நான் இன்னும் ஏக்கத்தோடு நினைக்கும் ஒரு வீடு இருந்தது. கடலும் ரயில் நிலையமும் பக்கம். வார இறுதிக் கூட்டம் அவ்வளவாக அந்தப் பக்கம் எட்டுவதில்லை. நேரு வீதி இரைச்சலும் இல்லை. சைகோனுக்கும் தூரக் கிழக்குக்கும் போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள் இங்கும் உண்டு, தூண்களைப் பார்த்தாலே தெரியும். புல்வாருக்குள் அமைதிக்கும் வாடகைக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். பார்த்த வீட்டின் உரிமையாளர்கள் ஐந்து பேர். இருவர் பிரான்சில், ஒருவர் ரீயூனியன் தீவில். வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று அவர்களுக்குள் முடிவாகவில்லை. நான்கு வாரம் காத்திருந்துவிட்டு விட்டுவிட்டோம். இந்த ஊரில் இது பெரிய விஷயம், கீழே வருகிறேன்.

ரெயின்போ நகர் அடுக்குமாடிக்கு லிஃப்ட் இருந்தது, கார் நிறுத்துமிடம் இருந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. வசதியைப் பட்டியல் போட்டுக் கூட்டினால் அதுதான் ஜெயிக்க வேண்டும். கணவர் அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகிவிட்டார். அந்தத் தெரு மழைக்குத் தேங்கும் என்று பக்கத்து மளிகைக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நான்தான் கையைப் பிடித்தேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரும் சுற்றுவட்டாரமும் மூழ்கின. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்டது. எங்கள் வீதியில் தண்ணீர் திண்ணையின் கீழ்ப்படி வரை ஏறி, மறுநாள் மதியத்துக்குள் வடிந்தது. இதை வைத்துப் புல்வாருக்குள் எங்குமே தண்ணீர் நிற்காது என்று சொல்லிவிட மாட்டேன். திண்ணை எதற்காக இடுப்புயரம் கட்டினார்கள் என்பது அன்றிரவு புரிந்தது என்று மட்டும் சொல்வேன்.

ஆனால் கூரை ஒழுகியது. சமையலறை மூலையில் இரண்டு அண்டா, ஒரு வாளி.

பழைய வீட்டைப் பார்க்கும்போது

பகுதியை முடிவு செய்த பிறகு வீட்டைப் பார்க்க ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொறியாளர் வேண்டாம், சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தார். பழைய மாடி வீடுகளின் கூரை மெட்ராஸ் ஒட்டு: தேக்கு உத்தரம், அதன் குறுக்கே நெருக்கமாக மரச்சட்டங்கள், அவற்றின்மேல் சிறிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு சட்டத்தின் நுனியையும், சுவருக்குள் நுழையும் இடத்தில், சுத்தியல் பிடியால் தட்டினார். ‘டங்’ என்றால் மேலே போனார். ஆறாவது சட்டம் ‘பொத்’ என்றது. விரலால் அழுத்தினார், மாவாக உதிர்ந்தது. “கரையான். நடுவில் நன்றாகத்தான் இருக்கும் அம்மா, ஈரம் பிடிக்கிற முனையில்தான் சாப்பிடும்” என்றார்.

அடுத்து சுவர். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்டு பூசினால், வியர்த்து நிற்பவனுக்கு மழைக்கோட்டு மாட்டியதுபோல் ஆகிவிடும். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, வண்ணம் பொரிந்து உதிரும். வாடகைக்கு விடுவதற்காகப் பளபளப்பாகச் சீரமைத்த வீடுகளில் பாதியில் இந்த வேலைதான் நடந்திருக்கிறது. புதிதாக வண்ணம் அடித்த பழைய வீட்டைவிட, கறை தெரியும் பழைய வீடு நம்பகமானது. நோய் எங்கே என்று அதில் தெரியும். 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகரமன்றம், இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கே மழை அப்படிச் செய்தது என்றால், இரண்டு அறை வீட்டின் கூரையை வருடாவருடம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் இருக்கக் கூடாது.

முற்றத்தில் நின்று பாருங்கள், மழைநீர் போகும் வழி அடைத்திருக்கிறதா என்று. பல வீடுகளில் முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிட்டார்கள். கொசுவுக்கு நல்லது, வீட்டுக்கு நல்லதல்ல. உள்ளே ஏறும் சூடு வெளியேற வேறு வழியில்லை. கழிவறை பெரும்பாலும் வீட்டின் பின்கோடியில் இருக்கும். மாமியாருக்காக நாங்கள் நடையை ஒட்டி ஒன்று கட்ட அனுமதி கேட்டோம். செலவு பாதிப் பாதி என்று உரிமையாளர் ஒத்துக்கொண்டார்.

கடைசியாகக் காகிதம். இங்கே பழைய வீடுகளின் மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருக்கலாம், நொத்தேர் எனும் பிரெஞ்சு முறை நோட்டரி முன் எழுதியது. வாரிசுகள் நாலாபக்கமும் சிதறி, சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கேயே இருக்கிறார்கள். வாடகைக்குத்தானே என்று இதை அலட்சியம் செய்ய வேண்டாம். போக்கியத்துக்கு எடுப்பதாக இருந்தால் பெரிய தொகை கைமாறும். வில்லங்கச் சான்று பார்க்காமல், எல்லா வாரிசுகளின் ஒப்புதலோ செல்லத்தக்க பவர் பத்திரமோ இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வீடு காட்டிய ஒரு தரகர், உரிமையாளரின் பவர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி அட்வான்ஸ் கேட்டார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். பவர் கொடுத்தவர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது.

எங்களுடைய வீட்டு உரிமையாளர் உள்ளூர்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பதினொரு மாத ஒப்பந்தம் இரண்டு முறை புதுப்பித்தாகிவிட்டது. மூன்றாவது முறை ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்: மழைக்கு முன் கூரையைப் பார்ப்பது யார் செலவு என்று. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அண்டாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.